ஆறு குழாய், ஆறு வசனம்

"எறும்புக் கடி மாதிரி இருக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். குத்தும். ஆனா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே ரப்பர் பட்டையை இறுக்கி, முழங்கை மடிப்பை இரண்டு விரலால் தட்டிப் பார்க்கிறார். வாக்கியம் முடிவதற்குள் ஊசி உள்ளே இருக்கிறது. லேப்பில் ரத்தம் எடுக்கும் இவருக்குக் கொசு அக்கா என்று பெயர். அதில் இவருக்கு ஒரே ஒரு ஆட்சேபம்தான்: "கொசு சொல்லிட்டா கடிக்குது?"

முகங்கள் இவருக்கு நினைவில் நிற்பதில்லை. கைகள் நிற்கும். ரத்தம் கொடுத்தவர் யாராவது கடைத்தெருவில் எதிரே வந்து சிரித்தால், யாரோ என்று விழிப்பார். பையைத் தோள் மாற்றும்போது முழங்கை தெரிந்துவிட்டால் போதும். "அட, நழுவுற நரம்பு! சௌக்கியமா?" என்று நடுத்தெருவில் மலர்ந்துவிடுவார்.

ரத்தம் பிடிக்கும் குழாய்களுக்கு மூடியின் நிறப்படி ஒரு வரிசை உண்டு. நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல். மாற்றி எடுத்தால் ஒரு குழாயில் போட்டிருக்கும் மருந்து இன்னொன்றில் கலந்து பரிசோதனையே கெட்டுவிடும். இருபது வருடத்தில் ஒரு நாள்கூட மாறியதில்லை. இப்பேர்ப்பட்டவர்தான் தனக்கு ஞாபகசக்தியே கிடையாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஞாயிறு பள்ளியில் ஆரம்பித்தது. வேத வசனங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் போட்டியில் இவருடைய தங்கை பரிசு வாங்குவாள், இவர் கைதட்டுவார். வசனம் என்றாலே தங்கையைக் கேட்கும் பழக்கம் நாற்பது வயதுக்கு மேலும் விடவில்லை. கணவர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். வாயும் சில்லென்றுதான் இருக்கும். "நமக்கு ரெண்டு வேதாகமம். ஒண்ணு மேசைமேல. இன்னொண்ணு உன் தங்கச்சி. எது பக்கத்துல இருக்கோ, அதைக் கேட்டுக்க வேண்டியதுதானே?"

தங்கை பக்கத்தில் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமைதான் வினையாயிற்று. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சக்கர நாற்காலியில் வரும் மேஸ்திரி, ஆயுள் முழுக்கக் கல்லும் சிமெண்டும் சுமந்தவர், ஊசியைக் கண்டால் நடுங்குவார். பார்வையும் மங்கிவிட்டது, வேதத்தைப் பிரித்து வாசிக்க வழியில்லை. அன்றைக்குக் கேட்டார்: "எடுத்து முடிக்கிற வரைக்கும் ஒரு வசனம் சொல்லும்மா. பயம் தெரியாது."

இவருடைய இரண்டு கையிலும் வேலை. புத்தகம் திறக்க மூன்றாவது கை கிடையாது. "எனக்கு வராதுங்க மேஸ்திரி."

"பரவால்லம்மா" என்று அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஊர்க் கையெல்லாம் குத்துறவ நான்" என்றார் அக்கா பிறகு என்னிடம். "அந்தப் பரவால்ல என்னைக் குத்திடுச்சு."

கர்த்தர் மேய்ப்பராக வரும் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டார். ஆறே வசனம். தங்கை மூன்று வயதில் ஒப்பித்தது. இரவு படித்ததைக் காலையில் காணவில்லை. ஞாபகசக்தி கொடும் என்று முழங்காலில் நின்று மன்றாடினார். அதுவும் ஒரு வாரம் ஓடியது. ஒரு விடியற்காலை, ஜெபத்தின் நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டதாம். "கொடும் ஆண்டவரேங்கிறேன். அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள, எனக்கு வராதுன்னு அவருக்கே பதில் சொல்லிடுறேன். அவரைப் பேச விட்டாத்தானே!"

அன்றோடு, வராது என்ற சொல்லை விட்டார். சும்மா இருந்து பார்த்தார். அதே வாரம், நீல மூடியை எடுக்கும்போது முதல் வசனம் தானாக வந்தது. சிவப்புக்கு இரண்டாவது. ஆறு மூடி, ஆறு வசனம்.

இதை நல்ல யோசனை என்று பாராட்டினால் அக்காவுக்குப் பிடிக்காது. "உங்க மண்டையில வந்தா அது யோசனை. என் மண்டையில வந்தா அது கர்த்தர். என் மண்டை எனக்குத் தெரியாதா?"

கர்த்தர் கொடுத்ததிலும் ஒரு சிக்கல் இருந்தது. புல்வெளி வருவது இரண்டாம் வசனத்தில். பச்சை மூடியோ நாலாவது. பச்சையைத் தொட்டதும் வாய் பின்னால் ஓடிப் புல்லுக்குள் புகுந்துவிடும். உலகத்தில் வேறு யாருக்கும் வர வாய்ப்பில்லாத பிழை.

போன செவ்வாய்க்கிழமை மேஸ்திரியின் சீட்டில் ஆறு நிறமும் எழுதியிருந்தது. ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்தியபடி நான் அடுத்த நாற்காலியில் இருந்தேன். பட்டையை இறுக்கிய அக்காவின் நெற்றி வேர்த்திருந்தது. "மேஸ்திரி, இன்னிக்குச் சொல்றேன்" என்றார்.

நீலம் நிறைந்தது. சிவப்பு, மஞ்சள். குரல் சன்னமாக, ஆனால் தடையில்லாமல் வந்தது. பச்சை மூடி. வாய் நேரே புல்வெளிக்குப் போய்விட்டது.

"அங்க ஒரு தடவை மேஞ்சாச்சும்மா" என்றார் மேஸ்திரி. "மேல போ."

முன்பெல்லாம் என்றால், வராது என்று அங்கேயே முடித்திருப்பார். அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கை மட்டும் அசையவில்லை. "ஆண்டவரே, அடுத்தது உம்ம பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். குழாயில் ரத்தம் ஏறும் நேரம்தான் காத்திருந்தார். வந்தது. நாலாம் வசனத்தின் இருண்ட பள்ளத்தாக்கு வந்தது, கோலும் தடியும் வந்தன. ஊதாவும் சாம்பலும் நிறைவதற்குள் கடைசி வசனத்தின் கடைசிச் சொல்வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஊசியை உருவிப் பஞ்சை வைத்தார். "முடிஞ்சுது மேஸ்திரி. கையை மடக்கிக்கோங்க."

மேஸ்திரி வலது கையை மடக்கிக்கொண்டார். பிறகு இடது கையை எடுத்து மேசைமேல் நீட்டி வைத்தார்.