தவறுக்குக் கால் கிடையாது

“எல்லாம் கைப்பக்குவம்தாங்க. சில கைக்கு அது வராது.”

மைதானத்தில் எல்லார் காதிலும் விழும்படி பல் டாக்டர் இதைச் சொன்னபோது என் அக்கா அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்துச் சொன்னார். ஜாடை பேச வானம் ரொம்ப வசதி.

அக்கா ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். உடைந்த தோளோடு வருகிறவரை நோகாமல் திருப்பி, அசையாமல் நிறுத்தி, ஒரே படத்தில் வேலையை முடிக்கிற கை அது. வீட்டில் கதவுக் கீலிலிருந்து மாமாவின் மூக்குக்கண்ணாடி வரை அந்தக் கைதான் பழுது பார்க்கும். மாமா அக்காவின் வீட்டுக்காரர், பெயிண்ட் கடையில் கணக்கு பார்க்கிறார். ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதை இன்றுவரை ஒரு கருத்து வேறுபாடாகவே வைத்திருப்பவர். நல்ல மனுஷன்.

ட்ரோனை அக்கா முழுசாகக் கடையில் வாங்கவில்லை. துண்டு துண்டாக வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சேர்த்தாள். அது முடியும்வரை நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு குச்சியின் நுனியில், பிஸ்கட் அளவில் ஒரு கறுப்பு வில்லை. அதுதான் ஜிபிஎஸ். வானத்திலிருக்கும் செயற்கைக்கோள்கள் பேசுவதைக் கேட்டு, ‘நீ இருக்கிற இடம் இது’ என்று ட்ரோனுக்குச் சொல்வது அதன் வேலை. அது காதில் விழுகிறவரை, ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தாலும் ட்ரோன் ஆணி அடித்த மாதிரி நிற்கும். விழாமல் போனால் காற்று தள்ளுகிற பக்கம் போகும்.

போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தின் ஓரத்துக்கு, அடுக்குமாடிக் கட்டடங்கள் பாதி வானத்தை மறைக்கிற இடத்துக்கு ட்ரோனை ஓட்டினாள். படம் எடுக்க நிறுத்தினாள். அது நிற்கவில்லை. ரிமோட்டில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது. அவள் சுதாரிப்பதற்குள் காற்று அதை அள்ளிக்கொண்டுபோய் மூன்றாம் மாடி பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த போர்வையில் சுருட்டிப் போட்டது. யாருக்கும் அடி இல்லை. போர்வைக்காரம்மாகூட, “நல்லவேளை, துணியிலதான் மாட்டுச்சு,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாடியில் இருந்த பெருந்தன்மை மைதானத்தில் இல்லை.

எங்கள் நகரத்தில் ட்ரோன் பறக்கவிட அனுமதியுள்ள ஒரே இடம் அந்த மைதானம். அதன் சாவி ட்ரோன் சங்கத்திடம் இருக்கிறது. சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். ஓய்வு பெற்றது வங்கியிலிருந்துதான், மேலாண்மையிலிருந்து இல்லை. அன்றே மரத்தடியில் கமிட்டியைக் கூட்டினார். முடிவு இப்படி: இனிமேல் அக்கா பறக்கவிடும்போது மாமா பக்கத்தில் நிற்க வேண்டும். அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும். மறுபடி நிலை தவறினால் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மாமா எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கூட்டத்தில் குரல் வராது. அக்கா கேட்டாள். “ஒரு துணை இருந்தா நல்லதுதானேம்மா,” என்றார் தலைவர். மாமாவுக்கு ட்ரோனின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றே தெரியாது. போன வருஷம் தன் ட்ரோனைக் குளத்தில் இறக்கிய பல் டாக்டருக்கு யாரும் அவர் மனைவியைத் துணைக்குப் போடவில்லை. அன்று குற்றவாளி காற்று. இன்று காற்றுக்கு விடுதலை, அக்கா கைக்குத் தண்டனை. எனக்கு இதை எழுதும்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வாரம் முழுக்க அக்கா வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் மொட்டை மாடியில்தான் இருந்தாள். எத்தனை செயற்கைக்கோள் பிடிபடுகிறது என்று ரிமோட் திரையில் ஒரு எண் தெரியும். இரட்டை இலக்கத்தில் இருந்தால் நிம்மதி. அவளுக்கு ஆறைத் தாண்டவில்லை. ஆறு என்பது கிளம்ப மட்டும் போதும், நிற்கப் போதாது. ஒரு கட்டடம் மறைத்தால் அதுவும் நாலாகிவிடும். விபத்துக்கு முன் ஒரு மாதம் பறக்காமல் சும்மா கிடந்ததால் செயற்கைக்கோள்களைத் தேடத் திணறுகிறதோ என்று வெயிலில் வைத்துக் காத்திருந்தாள். கேமராவின் மின் இரைச்சல் கெடுக்கிறதோ என்று கேமராவைக் கழற்றினாள். ஒயரை மாற்றினாள். திசைகாட்டியைச் சரிசெய்ய ட்ரோனைக் கையில் ஏந்தி, செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தாள். எதிர்மாடிக்காரர், “தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையா?” என்று மாமாவிடம் விசாரித்தார். மாமா, “வடக்கு தெரியலையாம்,” என்றார். அதற்குப் பிறகு அவர் எங்களை விசாரிப்பதே இல்லை.

கடைசியாக வில்லையிலேதான் கோளாறு என்று முடிவு கட்டிப் புது வில்லை வாங்கினாள். குச்சியில் பொருத்தினாள். சோதித்துப் பார்க்கும் முன், ஞாயிற்றுக்கிழமை எதிலும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று சங்கத்தின் ஸ்டிக்கரை அதன் தலையில் ஒட்டினாள்.

இந்த ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விபத்துக்கு முந்திய மாதம் தலைவர் அடித்துக் கொண்டுவந்தது. வட்டமானது, பளபளவென்று வெள்ளி நிறம், நடுவில் ஒரு கழுகு. எல்லாரும் அவரவர் ட்ரோனின் உச்சந்தலையில் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு. மேலிருந்து படம் எடுத்தால் சங்கம் முழுக்க மின்ன வேண்டுமாம். மற்றவர்கள் கடையில் வாங்கிய ட்ரோன்காரர்கள். அவர்களுக்கு உச்சந்தலை என்றால் அகலமான முதுகு. அக்காவின் ட்ரோனில் உச்சந்தலை என்றால் அந்தக் கறுப்பு வில்லைதான். அளவெடுத்துத் தைத்த மாதிரி ஸ்டிக்கர் அதன்மேல் பொருந்தியது. சொன்னால் சொன்னபடி செய்கிறவள். மிச்சம் இருந்த ஸ்டிக்கரைத் தேடி எடுத்து, நகத்தால் நீவி, குமிழி இல்லாமல் புது வில்லையிலும் ஒட்டினாள்.

புது வில்லையும் ஆறு என்றது.

அன்று அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். “ஒருவேளை என் கைதானோடா?” என்று கேட்டாள். பல் டாக்டர் சொன்னதைவிட எனக்கு இதுதான் தாங்கவில்லை. ஒருவன் போகிறபோக்கில் வானத்தைப் பார்த்து வீசிய சொல் இத்தனை நாள் பறந்து, சரியாக வந்து இறங்கியிருக்கிறது. அதற்கு எந்த ஜிபிஎஸ்ஸும் தேவைப்படவில்லை. மாமா ஆறுதல் சொல்வதாக நினைத்து, “விடும்மா, வேற பொழுதுபோக்கா இல்ல?” என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மாமா துணி எடுக்கப் போனார். கொடியில் துணியே இல்லை.

மறுநாள் மத்தியானம் ஸ்கேன் சென்டரிலிருந்து போன் செய்தாள். ஒரு அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறார். அக்கா தினமும் சொல்கிற வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள்: “உலோகம் எதுவும் மேல இருக்கக் கூடாதும்மா, மறைச்சிடும்.” சொல்லி முடித்ததும் தன் குரலைத் தானே கேட்டு அப்படியே நின்றுவிட்டாளாம். அந்த அம்மா பயந்துபோய்ச் சங்கிலியோடு கம்மலையும் கழற்றி வைத்துவிட்டார்.

“அந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடு. இப்பவே,” என்றாள்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ஸ்டிக்கர் முழுசாக வரவில்லை, கழுகின் தலை முதலில் வந்தது. பின்னால் திருப்பிப் பார்த்தேன். வெறும் பிளாஸ்டிக் இல்லை, அலுமினியம் பூசிய தாள். ட்ரோனை உயிர்ப்பித்தேன். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று ஏறிப் பதினேழில் நின்றது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில், “வச்சிடு, அடுத்த ஆள் வந்தாச்சு,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒரு மேசையைக் கேட்டு வாங்கினாள். ட்ரோனை அதன்மேல் வைத்து, ஸ்டிக்கர் இல்லாமல் எண்ணைக் காட்டினாள். பல் டாக்டரிடமே ஒரு புது ஸ்டிக்கர் வாங்கி அவர் கண்முன் ஒட்டிக் காட்டினாள். எண் விழுந்தது. பிய்த்தாள், ஏறியது. பிறகு ட்ரோனை அதே கட்டடங்களின் ஓரத்துக்கு ஓட்டி நிறுத்தி, ரிமோட்டைப் புல்லில் வைத்துவிட்டு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள். அது அசையவில்லை. துணைக்கு நிறுத்தப்பட்ட மாமா, தன்னால்தான் நிற்கிறது என்பதுபோலப் பெருமையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இனிமேல் ஸ்டிக்கரை ட்ரோனின் வயிற்றில் ஒட்டலாம் என்று பொதுவாக அறிவித்தார். அப்புறம் அக்காவிடம் வந்தார்.

“சரிம்மா. ஏதோ தவறு நடந்துடுச்சு. நீங்க பழையபடி வரலாம்.”

அத்தோடு முடிந்தது என்று நினைத்துத் திரும்பினார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“தவறு எப்படி சார் நடக்கும்?” என்றாள் அக்கா. “அதுக்குக் கால் கிடையாதே.”

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

தலைவர் குரலை இறக்கினார். சின்ன விஷயம் என்றார், எல்லாருக்கும்தான் ஸ்டிக்கர் கொடுத்தது என்றார், வேண்டுமென்று யாராவது செய்வார்களா என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுச் சொன்னாள், “ஒட்டினது நான். பாக்காம ஒட்டினேன், அது என் தப்பு. அதை எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். ஒட்டச் சொன்னது யாருன்னு நீங்க சொல்லுங்க.”

பல் டாக்டர் கார் சாவியைத் தேடிக்கொண்டு ஓரமாக நகர்ந்துகொண்டிருந்தார். கை பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது.

தலைவர் வானத்தைப் பார்த்தார். அங்கே அக்காவின் ட்ரோன் நின்றது. பார்வையை இறக்கிப் புல்லைப் பார்த்தார்.

“தப்பான இடத்துல ஒட்டச் சொல்லியாச்சு. போதுமா?”

“யாரு சொல்லியாச்சு?”

மாமா என் காதில், “போதும்னு சொல்லு மாப்ளே, எனக்குக் கால் வலிக்குது,” என்றார். நான் சொல்லவில்லை. செய்தது யார் என்று சொல்லும் ஒரு வாக்கியத்துக்காகத்தான் நானும் அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. வேலையைப் பறிச்சாச்சு, பெயரைக் கெடுத்தாச்சு, ஒட்டச் சொல்லியாச்சு. எழுவாய் இல்லாமல் எவ்வளவு அநியாயத்தையும் சொல்லிவிட நம் மொழி இடம் கொடுக்கிறது.

“நான்,” என்றார் தலைவர் மெதுவாக.

“எனக்குக் கேட்டுச்சு. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல.”

அவர் திரும்பினார். தொண்டையைச் செருமினார். “நான்தான் அங்க ஒட்டச் சொன்னேன். அவங்க ஓட்டினதுல குறை இல்ல.”

அக்கா குனிந்து ரிமோட்டை எடுத்தாள். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது.