நாலாவது ஆள்

நம்பாதவர் இத்தோடு எழும்பிப் போகலாம். இருந்து கேளுங்கள் என்று கெஞ்சுகிற எண்ணம் கிடையாது. ஆனால் இது நடந்தது. 1974, ஜூன் பதினைந்து, சனிக்கிழமை. இடம் சிட்னி. நடந்தது கதிர்காமநாதனுக்கு. பேய் என்று எவனாவது வாயைத் திறந்தால் "போடா, போய் வேலையைப் பார்" என்று துரத்துகிற மனிசன் அவர். கடைக்காரன் தரும் மிச்சக் காசைக்கூட இரண்டு தரம் எண்ணிப் பார்ப்பவர். அப்படிப்பட்டவர்தான் இன்றைக்கும் தண்ணீர்ப் பக்கம் முகம் கொடுத்து உட்காருவதில்லை.

கொழும்பிலிருந்து தேயிலை ஏற்றிவந்த கப்பல். அதில் எஞ்சின் அறையில் வேலை செய்த மூன்று தமிழர்: கதிர்காமநாதன், மகேந்திரராஜா, சிவமணி. மூன்றாமவன் சின்னவன், வாய்க்காரன். முதல் பயணத்திலேயே கொதிநீராவி அடித்து அவனுடைய இடது புருவம் பாதி போய்விட்டது. மிச்சப் பாதியைத் தூக்கித் தூக்கித்தான் பகிடி விடுவான். அவனைக் கப்பலில் ஏற்றிவிட்டவர் கதிர்காமநாதன். அவன் மனைவி கமலினி அப்போது ஆறு மாதம். "பயப்பிடாதை பிள்ளை, போனவனை நானே கொண்டுவந்து வாசல்ல விடுறன்" என்று சொல்லிவிட்டு வந்தவரும் அவர்தான்.

அன்று அரை நாள் விடுமுறை. ஏழு மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். துறைமுகப் பாலத்தின் மேல் நடந்தார்கள். பிறகு, முந்தின வருடம்தான் திறந்திருந்த ஒப்பெரா ஹவுஸைப் பார்க்கப் போனார்கள்.

"உரிச்ச தோடம்பழச் சுளையை அடுக்கி வைச்ச மாதிரிக் கிடக்கு. இதுக்கே இவ்வளவு சனம்?" என்றான் சிவமணி.

கமலினிக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று நின்றான். மகேந்திரராஜாவிடம் சிங்கப்பூரில் வாங்கிய கமரா இருந்தது. அந்த வழியாக வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் அதைக் கொடுத்துவிட்டு மூவரும் வரிசையாக நின்றார்கள். சிவமணி நடுவில்.

"பொறு, பொறு," என்றார் மகேந்திரராஜா. "மூண்டு பேராய் நிண்டு படம் எடுக்கப்படாது. நடுவில நிக்கிறவனுக்குக் கூடாது."

"உங்கட சாத்திரத்துக்கும் பாஸ்போட் அடிச்சோ கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"சிரியாதை. கலியாண வீட்டில எடுத்து, நடுவில நிண்டவன் ஆறு மாசத்தில போனதை நான் கண்ணால கண்டனான்."

இந்தக் கரைச்சல் தீரட்டும் என்றுதான் கதிர்காமநாதன் சுற்றிப் பார்த்தார். கம்பி ஓரத்தில் ஒருவன் தனியே நின்றான். பழுப்புக் கோட்டு. முகம் தண்ணீர்ப் பக்கம்.

கதிர்காமநாதன் கை காட்டினார். வா, எங்களோடு நில் என்று.

கூப்பிட்டது அவர்தான். அதை மறக்க வேண்டாம்.

அவன் வந்தான். ஏன், எதற்கு என்று ஒரு சொல் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் என்றும் சொல்ல முடியாது, எங்கள் ஆள் என்றும் சொல்ல முடியாது. நேரே வந்து சிவமணிக்கும் கதிர்காமநாதனுக்கும் இடையில் நின்றான். குளிர்காலக் காற்று எல்லார் தலையையும் கலைத்துக்கொண்டிருந்தது. அவன் கோட்டின் ஓரம்கூட அசையவில்லை.

கமரா பிடித்த பெண், கதிர்காமநாதனைப் பார்த்து நெருங்கி நிற்கும்படி கையை ஆட்டினாள். எப்படி நெருங்குவது? இடையில் ஆள் நிற்கிறானே. அவள் திரும்பவும் ஆட்டினாள். இவளுக்கென்ன கண் தெரியாதா என்று நினைத்துக்கொண்டார்.

க்ளிக். நேரம் மூன்று நாற்பது.

அவன் போகவில்லை. பத்தடி பின்னால் நடந்து வந்தான்.

ஃபெரிப் படகுகள் கிளம்பும் துறைக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. சிவமணி போய்ச் சொல்லி, நாலு கோப்பை வந்தது.

"ஆருக்கடா நாலாவது?"

"அவருக்கு."

கதிர்காமநாதன் திரும்பினார். கண்ணாடிக்கு வெளியே பழுப்புக் கோட்டு. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

நாலும் ஒரே பானையில் ஊற்றிய தேநீர். மூன்றில் ஆவி பறந்தது. நாலாவதில்... இல்லை.

"கப்பலுக்குப் போவம்," என்றார்.

"விசரே அண்ணை? ஃபெரியில ஒருக்கா அக்கரைக்குப் போட்டு வருவம். அவர்தான் சொன்னவர், பின்னேரத்தில வடிவாயிருக்குமாம்."

பழுப்புக் கோட்டுக்காரன் வாய் திறந்ததை மற்ற இருவரும் காணவில்லை.

நாலே முக்காலுக்கு ஃபெரி கிளம்பியது. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மகேந்திரராஜா குளிர் தாங்காமல் உள்ளே போய்விட்டார். சிவமணி வெளித்தட்டின் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் அந்தப் பழுப்புக் கோட்டு.

கதிர்காமநாதன் கிட்டப் போனார்.

"எழும்பி வா."

"இருங்கோ அண்ணை. நல்ல மனிசன். ஊரில உனக்காக ஆர் பாத்துக்கொண்டிருக்கினம் எண்டு கேக்கிறார்."

"என்ன பாசையில?"

"என்ன கேள்வி இது? எங்கட தமிழிலதான்."

கதிர்காமநாதனுக்கு அலைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். தன் கை எழவில்லை. கத்தப் பார்த்தார். தொண்டையில் காற்றுத்தான் வந்தது. இரண்டு மனிதரைத் தூக்கும் பலமுள்ள ஆள்... மரம்போல நின்றார்.

"நீங்க போங்கோ. வாறன்," என்றான் சிவமணி.

துறைமுக வாயைக் கடக்கையில் திறந்த கடல் அலை ஒன்று வந்து மோதியது. ஃபெரி ஒரு பக்கம் சாய்ந்தது. கம்பியைப் பிடித்தார். ஒரு நொடி. அவ்வளவுதான்.

பார்த்தார்.

வாங்கு வெறுமை.

தண்ணீரில் ஏதும் விழுந்த சத்தம்... இல்லை.

நேரம் ஐந்து ஐந்து.

ஃபெரியை நிறுத்தினார்கள். வெளிச்சம் அடித்துத் தேடினார்கள். பொலிஸ் படகுகள் வந்தன. இரண்டு நாள் தேடியும் ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. பழுப்புக் கோட்டுக்காரனைப் பற்றிப் பொலிஸ் கேட்டது. ஃபெரியில் வந்த ஒருவரும் அப்படி ஓர் ஆளைக் காணவில்லை.

படத்தைச் சிங்கப்பூரில் கழுவினார்கள். அதில் மூன்றே பேர். சிவமணிக்கும் கதிர்காமநாதனுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி. அதனூடாகத் தண்ணீர் தெரிந்தது.

மூவரில் நடுவில் நின்றவன் சிவமணி.

அந்தப் படத்தைக் கதிர்காமநாதன் கமலினிக்கு அனுப்பவில்லை. அவள் வாசலுக்கும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? இரண்டு வருடத்தில் கப்பலை விட்டுவிட்டு, லிட்கமில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து சிட்னியிலேயே தங்கிவிட்டார்.

1978, ஓகஸ்ட், ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். பக்கத்து அறையில் மூன்று இந்தியத் தமிழ்ப் பொடியன்கள் இருந்தார்கள். அதில் பார்த்தசாரதி, கையில் ஒரு கடித உறையோடு வந்தான்.

"அண்ணே, ரெண்டு வாரம் முன்னாடி ஒப்பெரா ஹவுஸ் சுத்திப் பாக்கப் போனோம்ல? இன்னைக்குத்தான் பிரிண்ட் வந்துச்சு. ஒரு வேடிக்கை பாருங்க."

பார்த்தார். மூன்று பேர். நடுவில் நின்றவனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அளவு இடைவெளி.

"மூணு பேரா எடுக்கக் கூடாதுன்னு பழனிசாமி ஒரே அடம். அதான் அங்க நின்ன ஒருத்தரைக் கூப்பிட்டு நிக்க வெச்சோம். படத்துல அவரைக் காணோம்!"

"எப்பிடி ஆள்?"

"உங்க பேச்சுதான் பேசினாராம் அண்ணே. ஊர்ல உனக்காக யார் பாத்துட்டிருக்காங்கன்னு பழனிகிட்ட கேட்டாராம். பழுப்புக் கோட்டு. இடது புருவம் பாதிதான் இருந்துச்சு."

கதிர்காமநாதன் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார்.

"நடுவில நிக்கிறது... ஆர்?"

"பழனிசாமிதான்."

"இப்ப எங்கை?"

"துறைக்குப் போயிருக்கான். அந்தச் சிலோன்காரர் வரச் சொன்னாராம். நாலே முக்கால் ஃபெரி."

சுவரில் மணிக்கூடு.

ஐந்து நாலு.

கதிரையை விட்டு எழும்பவில்லை அவர்.

முள் நகர்ந்தது.