அப்பா தோற்றுப்போன நாள்

புலமைப்பரிசில் பரீட்சையில் நான் சித்தியடைந்த பிறகு அப்பாவுக்குக் கிளிவெட்டியில் ஒரே கதைதான். மகள் ஆறாம் வகுப்புக்குத் திருகோணமலை டவுனிலுள்ள பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகப்போகிறாள். வயல் வரம்பில் கண்டவர்களுக்குச் சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாதவருக்கும் சொன்னார். சனி ஞாயிறு தவிர மற்ற நாட்களில், துறைமுகத்தடியில் இருக்கும் அவருடைய தங்கை, என் மாமி, வீட்டில் நான் தங்க வேண்டும். அம்மாவோ பக்கத்து ஊர்ச் சின்னப் பள்ளிக்கூடமே போதும் என்றார். கடைசியில், இரண்டையும் பார்த்துவிட்டு நானே முடிவு சொல்வதென்று ஆனது.

டவுனுக்கு அப்பா கூட்டிப்போனார். மாடிக் கட்டடங்கள், விசிறிகள் சுழலும் மண்டபம், வயலின்கள் நிறைந்த ஓர் அறை. டவுனில் திரியும் மான்கள் மதிலோரம் படுத்திருந்தன. நான் வாயைப் பிளந்தபடி நடந்தேன். ஒவ்வொன்றையும் தானே கட்டியது போல அப்பா காட்டினார். மாமி வீட்டு மாடியில் நின்றால் கப்பல் தெரியும் என்றார். திரும்பி வரும்போது மட்டும் ஏனோ அவருக்குக் கதை குறைந்துவிட்டது. களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அம்மாவின் முறை. சின்னப் பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்கு அதிகம் இல்லை. ஓட்டுக் கட்டடம், மணல் மைதானம், வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அதுதான் மணி. அதிபர் அம்மாவுக்குக் கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருக்க, நான் மரத்தடிக்குப் போனேன். அங்கே நின்ற பிள்ளை ஒருத்தி, இங்கே மணியடிப்பது தாங்கள்தான், கிழமைக்கு ஒருவர் என்றாள். அந்தக் கிழமை அவளுடையது. அடித்துப் பார்க்க விருப்பமா என்று கேட்டு இரும்புக் கம்பியை என் கையில் தந்தாள்.

ஒரு தட்டுத் தட்டத்தான் நினைத்தேன். ஓசை பிடித்துப்போனதில் கை நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டாயிற்று என்று எல்லா வகுப்புகளும் புத்தகப்பைகளோடு பாய்ந்து வந்தன. சின்னவர்கள் கேற்றையும் தாண்டிவிட்டார்கள். கணக்கு ரீச்சர் கையில் வெண்கட்டியோடு அவர்களுக்குப் பின்னால் ஓடினார். நான் கம்பியோடு உறைந்து நின்றேன். வெளியே வந்த அதிபர் என்னைக் கண்டதும் சிரிக்கத் தொடங்கினார்.

"உங்கட மகள் இன்னும் சேரவே இல்லை. அதுக்குள்ள பள்ளிக்கூடத்தையே விட்டிட்டா" என்றார் அம்மாவிடம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன், எனக்குச் சின்னப் பள்ளிக்கூடம்தான் வேணும் என்று. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, வடிவாக யோசித்தனியோ என்று கேட்டார். ஓம் என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு பை நிறைய நண்டோடு திரும்பி வந்தார். கவலையை மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது.

சாப்பிடும்போது அவரைத் தேற்றினேன். "கவலைப்படாதேங்கோ அப்பா. ஓ.எல். சோதினை முடியப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போறன்."

"அதைப் பிறகு பாப்பம்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, அவர் இன்னொரு தரம் சோறு போடச் சொன்னார்.

ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டு இப்படித் தோற்றுப்போனாரே, பாவம் என்று நினைத்தேன். என் பங்கு நண்டுக்காலை எடுத்து அவருடைய சோற்றுக் கோப்பையில் வைத்தேன். குசினி வாசலில் நின்ற அம்மா முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டு எதற்குச் சிரித்தார் என்பது மட்டும் எனக்கு அன்று விளங்கவில்லை.