வலப்பக்கம் மலை, பின்னால் தங்கை

முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் சேர்ந்து காய்ந்து, சித்திரை வெயிலில் புளித்துப்போன புத்தூர் கட்டின் வாடையை நினைத்தால் எனக்குக் கூடவே ஒரு சைக்கிள் மணியும் கேட்கும். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில், இடது முழங்காலில் அந்தக் கட்டோடு நான் கட்டிலில் கிடந்தபோதுதான், என்னைவிட ஒரு வயது சிறியவளான தங்கை செல்வி என் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைத் தெருவெல்லாம் மணியடித்துச் சுற்றினாள். நான் அடித்தால் கரகரவென்று இருமுகிற அந்த மணி அவள் கைக்கு மட்டும் கணீரென்று ஒலித்தது என் காதில் இன்றும் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் டவுன் ஹைஸ்கூல் வாசலை மிதித்த முதல் ஆள் என்று, 'மல்லாட்டை' என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை நன்றாக விளைந்த வருஷத்தில் அப்பா எனக்காகவே வாங்கிய சைக்கிள் அது. பள்ளி விட்டு வேகமாக வந்த ஒரு சாயங்காலம் கரும்பு வண்டியில் மோதி விழுந்தேன். டவுனிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற குறுக்கு வழியில் மலை இடப்பக்கம் இருக்கும். கிரிவலம் போகிறவர்கள் மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்றுவார்கள். நான் இடப்பக்கம் வைத்து வந்தது அம்மாவுக்குப் போதுமான காரணமாகிவிட்டது.

"மலைய எடப்பக்கம் வச்சுக்கினு பறந்தா இன்னா ஆவும்? இனிமே சைக்கிள் எடுத்தா வலப்பக்கம் வச்சுதான் நீ போவணும்" என்று என்னிடம் சொல்லி, மலையைப் பார்த்து அப்படியே வேண்டிக்கொண்டாள்.

கட்டுப் பிரித்தவர், "சைக்கிள் மிதி தம்பி, முட்டி தானா மடங்கும்" என்றார். ஆனால் சீட்டை யாரோ தாழ்த்தியிருந்தார்கள். யாரென்று கேட்டதற்கு, "எனக்குக் கால் எட்ட வாணாமா?" என்றாள் செல்வி. என் சைக்கிளில், என் சீட்டில், அவள் கால்! எட்டாவது முடித்திருந்த அவளுக்கும் இனி படிப்பென்றால் டவுன்தான். அப்பா எங்கள் இருவரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்: "இருக்கறது ஒரு சைக்கிளு. ஜூன்ல யாரு மிதிக்கிறாங்களோ அவங்க டவுனுக்குப் போவட்டும்."

அன்றிலிருந்து தினமும் பொழுது சாயும் முன் பயிற்சி. இடது காலை ஊன்றி ஏற முடியாததால், சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் மேல் ஏறி நின்று சீட்டில் உட்காருவேன். செல்வி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருவாள். தாழ்ந்த சீட்டில் இன்னும் அதிகம் மடங்க வேண்டிய முழங்கால் பாதிக்குமேல் மடங்காது. பெடலைப் பாதிச் சுற்று முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, மறுபடி தள்ளி, தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டே போவேன்.

"ஏண்ணா, ஓட்டறியா, தாலாட்டறியா?" என்பாள்.

மலையை வலப்பக்கம் வைத்து, டவுன் போகும் வழியில் இருக்கிற குபேர லிங்கம் கோயில் வரைக்கும் போவதே பெரும்பாடு. அதைவிடப் பெரும்பாடு திரும்புவது. திரும்பினால் மலை இடப்பக்கம் வந்துவிடும், அம்மாவின் வேண்டுதல்படி நான் ஏறக் கூடாது. ஆகவே செல்வி தாவி ஏறி, பாவாடையைச் செருகிக்கொண்டு, ஒரே மிதியில் பறந்துவிடுவாள். நான் அவள் கிளப்பிய புழுதியில் நொண்டிக்கொண்டே நடந்து வருவேன். மலை எந்தப் பக்கம் இருந்தாலும் அவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று வயிறு எரியும்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள், அந்தத் தாழ்ந்த சீட்டிலேயே வீம்பாக அழுத்தியபோது முழங்காலில் 'மடக்'கென்று ஒரு சத்தம். வலியில் உயிர் போனது, ஆனால் பெடல் முழுச் சுற்றும் சுற்றிவிட்டது. குபேர லிங்கம் வந்தது. நான் நிற்கவில்லை. நின்றால் சைக்கிள் அவள் கைக்குப் போகும். மலையை முழுசாகச் சுற்றிவிட்டால் வலப்பக்கம் மாறாமலே நானே ஓட்டி வீடு சேரலாம். செல்வி என்ன நினைத்தாளோ, ஓடிவந்து கேரியரில் தாவி உட்கார்ந்துவிட்டாள்.

"எறங்குடி!"

"நீ நிறுத்து, எறங்கறேன்."

நிறுத்தினால் மறுபடி ஏற எனக்குக் கல் வேண்டும். அது அவளுக்கும் தெரியும். அப்படியே பே கோபுரத் தெருவின் கூட்டத்தில் மணியை அவள் எட்டி அடிக்க, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட, அவள் பாரத்தையும் சேர்த்து மிதித்துக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபக்கமாக ஊருக்குள் நுழைந்தேன். இறங்கத் தெரியாமல் வந்த என்னை அப்பாதான் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார். வீங்கிய முழங்காலையும் பின்னால் இருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே வண்டியில மலைய சுத்தி வர்றீங்க. பள்ளிக்கூடம் அதவிடக் கம்மி தூரந்தானே? ரெண்டு பேரும் போங்க."

செல்வி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சைக்கிள் முழுசாக எனக்கே என்றுதான் அவ்வளவு தூரம் மிதித்திருந்தேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் காலையில் மலை வலப்பக்கம் இருக்க நான் மிதித்தேன். சாயங்காலம் இடப்பக்கம் வருமென்பதால் அவள் மிதிக்க, நான் கேரியரில் உட்கார்ந்து வந்தேன். "இன்னா மாப்ள, டிரைவர் வச்சுட்டியா?" என்று பையன்கள் கூப்பாடு போடுவார்கள்.

இப்போது அந்தச் சாலையை அகலப்படுத்தி நடைபாதை போட்டுவிட்டார்கள். நான் ஏறி நின்ற கல் எந்த மண்ணுக்கடியில் போனதோ தெரியவில்லை. வீட்டில் அந்த சைக்கிளும் இல்லை. செல்வி வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், ஸ்கூட்டியில் போகிறாள். நான் இன்றும் சைக்கிள்தான். வேண்டுதலை அம்மா இன்னும் முடிக்காததால், டவுனுக்குப் போனால் மலையைச் சுற்றித்தான் வீடு திரும்புகிறேன். நான் செங்கம் ரோட்டில் பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டேன், அவள் மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு குறுக்கு வழியில் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள்.