கறுப்பு கிரானைட்

தரையைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது மட்டும் என் முகம் மாறிவிடுகிறது என்று மாணவர்கள் பேசிக்கொள்வதாகக் கேள்வி. வெளிச்சம், நிறம், ஜன்னல் அளவு எல்லாவற்றையும் சிரித்த முகமாக நடத்துகிறவள், தரைக்கு வந்ததும் சண்டைக்கு நிற்கிறவளைப் போல் ஆகிவிடுகிறேனாம். உண்மைதான்.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் உள் அலங்கார வடிவமைப்புத் துறையில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற கொட்டகையில், எங்கள் பேச்சில் செட்டில், வேலை பார்த்தவர். நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது சித்தப்பா கேட்டார்: "ஊரான் வீட்டுக்குத் தெரைச்சீலை மாட்டுறதுக்கு ஒரு காலேஜா? அதுக்கு ஒரு பரீட்சையா?" நேர்முகத் தேர்வில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். நிறங்கள் பிடிக்கும் என்றேன். நிஜக் காரணம் வேறு.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று பள்ளியில் நான்தான் முதல். அப்பா வேலையிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்து, என்னையும் ஒரு மிட்டாய்ப் பெட்டியையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முதலாளியின் ஆபீசுக்குப் போனார். அப்போது அங்கே புதிதாக வெள்ளை மார்பிள் போட்டிருந்தார்கள். பட்டாசுக்குச் சேர்க்கும் வெள்ளிப் பவுடர் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பாத வெடிப்பில் தங்கிவிடும். அப்பா உள்ளே எடுத்து வைத்த அடிகள் அப்படியே பதிந்துவிட்டன.

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. மிட்டாய்ப் பெட்டியையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"ஏலே, காலப் பாருலே. எங்கன வந்து நிக்க?"

"மக பாஸாயிருக்கா மொதலாளி. ஸ்கூல்ல மொதல்."

"சரிலே. தொடச்சுட்டு வெளிய நின்னு சொல்லு."

அப்பா தோள் துண்டை எடுத்துக் குனிந்தார். தன் அடிகளைத் தானே துடைத்துக்கொண்டு பின்வாக்கில் வாசல் வரை போனார். நான் அறையின் நடுவில் பெட்டியோடு நின்றேன். "நீ நில்லு பாப்பா, நீ செருப்பைக் கழட்டிட்டு வந்தவதான. அத மேசையில வையி" என்றார் முதலாளி. வைத்தேன்.

திரும்பும்போது அப்பா, "தரை புதுசுல்ல, அதான்" என்றார். இந்த முதலாளி ஒரு நாள் குனிந்து தரை துடைக்க வேண்டும், நான் நின்று பார்க்க வேண்டும் என்று சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து முடிவு செய்தேன். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அந்த முடிவின் மேல் ஏறி நின்றுகொண்டு படித்ததுதான்.

வேலைக்கு வந்து சில வருடம் கழித்து எங்கள் துறைத் தலைவர் என்னை அழைத்தார். இறுதி ஆண்டு மாணவர்களைக் கொண்டு நிஜமான இடம் ஒன்றை வடிவமைத்துக் கட்ட வைப்போம். அந்த வருடம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸ் கிடைத்திருந்தது. "பெரிய இடம்மா, பேர் கெடாம முடிச்சுக் குடுங்க" என்றார். கம்பெனியின் பெயரைச் சொன்னதும் என் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வது கஷ்டமாக இருந்தது.

மாணவர்களோடு போனேன். முதலாளிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை.

"வாங்க மேடம், உக்காருங்க. வெயில்ல வந்துருக்கீக, மோர் குடிக்கீகளா?"

குடித்தேன். டீலர்கள் வந்தால் அசந்துபோக வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வாஸ்து மட்டும் தப்பப்படாது மேடம். போன சீசன்ல ஆர்டர் பூராம் படுத்துருச்சு. தெக்கு வாசல்தான் காரணம்ங்காக."

வாஸ்துவுக்கு என் வகுப்பில் ஒரே ஒரு மணி நேரம்தான் ஒதுக்குவேன். நம்புவதற்கு இல்லை, வாடிக்கையாளர் கேட்டால் முழிக்காமல் இருப்பதற்கு. அன்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆபீசுக்குத் தெற்கே ரோடு. கிழக்கே, செட்டுகளிலிருந்து ஆட்கள் வந்து போகிற பாதையும் அவர்கள் கைகால் கழுவுகிற தொட்டியும். வெள்ளிப் பவுடர் படிந்து அந்த மண்ணே வெயிலில் மினுமினுக்கும்.

"கிழக்கு வாசல் வச்சிரலாம் சார்" என்றேன். "உங்க ரூம் தென்மேற்கு, கன்னி மூலையில வருது. அங்க கனம் இருக்கணும். வராண்டாவில இருந்து உங்க ரூம் வரைக்கும் கறுப்பு கிரானைட், நல்லா பாலிஷ் ஏத்தினது. போட்டா உங்களை யாரும் அசைக்க முடியாது."

அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்படிப் போடுங்க மேடம்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஒரு மாணவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்துப் பெண். கோடு மெதுவாகத்தான் போடுவாள். கண் மட்டும் எதையும் விடாது.

"மேடம், தூசி வர்ற எடத்துல கறுப்புப் பாலிஷ் கல்லு போடக்கூடாது, ஒவ்வொரு காலடியும் தெரியும்னு நீங்கதான நோட்ஸ் குடுத்தீக?"

"வாடிக்கையாளர் விருப்பம்."

"அவரு எங்க விரும்புனாரு? நீங்கள்ல விரும்ப வச்சீக."

பின் சீட்டில் சிரித்தார்கள். தரைக்கான வரைபடம் முழுவதையும் அவளே போட வேண்டும் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். துறைக்குள் நடந்த பரிசீலனையில் தலைவரும் கேட்டார், இதைப் பராமரிப்பது சிரமம் இல்லையா என்று. "துடைச்சா சரியாயிரும் சார்" என்றேன். யார் துடைப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. என் மனதில் எப்போதும் துடைத்துக்கொண்டிருந்தது முதலாளி மட்டும்தான்.

திறப்பு நாளில் ஹோமம் வைத்திருந்தார்கள். வேலையை விட்டு வீட்டில் இருக்கும் அப்பாவைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். என் கணக்கு எளிமையானது. அப்பா கிழக்குப் பாதையில் வந்து, முன்வாசல் வழியாக நுழைந்து, அந்தக் கறுப்புக் கல்லின் நடுவில் பதியப் பதிய நடக்க வேண்டும். அப்பா தொட்டியில் காலைக் கழுவினார். துண்டால் விரல் இடுக்கெல்லாம் துடைத்தார். பிறகு சுவர் ஓரமாகவே நடந்து வந்தார். ஒரு தடம்கூட விழவில்லை.

"நடுவுல வாங்கப்பா."

"வழுக்கும்மா. இங்கனயே நிக்கேன்."

அப்போது முதலாளி பார்த்துவிட்டார். "ஏலே, நீ மருந்துச் செட்டு ஆளுல்ல? எங்கன இந்தப் பக்கம்?"

"மக கூட்டியாந்தா மொதலாளி" என்று அப்பா என்னைக் காட்டினார்.

முதலாளி என்னையும் அப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு டீலர்கள் பக்கம் திரும்பி என் தோள் உயரத்துக்குக் கையை நீட்டினார். "பாத்தீகளா? நம்ம கம்பெனிச் சோத்துல வளந்த புள்ள. இன்னைக்கு காலேஜ்ல வாத்தியாரு. நம்ம புள்ள."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு உடம்பு எரிந்தது. மார்பிளும் துண்டும் மிட்டாய்ப் பெட்டியும் அவர் நினைவில் இல்லை. மறைக்கவில்லை, அவருக்கு நிஜமாகவே எதுவும் நினைவில்லை. நான் இத்தனை வருடம் தூக்கிச் சுமந்ததை அவர் அன்று மாலையே கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். போதாததற்கு என் படிப்பையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். 'நம்ம புள்ள' என்ற சொல் 'காலப் பாருலே' என்ற சொல்லைவிட அதிகமாகச் சுட்டது.

ஒரு ஆறுதல் இருந்தது. மத்தியானத்துக்குள் அந்தக் கறுப்புத் தரை முழுக்க வெள்ளித் தடங்கள். டீலர்களின் ஷூ தடம், ஐயரின் பாதம், எல்லாவற்றுக்கும் நடுவில் முதலாளியின் வெறுங்கால் தடம், ஐந்து விரலும் தெளிவாக. அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

கட்டி முடித்த இடத்தை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று போய்ப் பார்ப்பதும் பாடத்தில் ஒரு பகுதி. அடுத்த மாதம் மாணவர்களோடு போனேன். வராண்டாவில் ஒரு அம்மா முழங்காலிட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் பெருக்கித் துடைக்கிறவர். எங்களைப் பார்த்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"செருப்ப அங்கனயே விட்ருங்க புள்ளைகளா. எந்த மகராசி இந்தக் கல்லப் போடச் சொன்னாளோ, தொடைக்கத் தொடைக்க வருது. குறுக்கு விட்டுப்போச்சு."

விஸ்வநத்தத்துப் பெண் என்னைக் காட்டினாள். "இவுகதான்க்கா."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நீங்களா தாயி? நான் ஒங்களுக்கு என்ன பாவம் பண்ணுனேன்? முன்னால இருந்த தரைக்குக் காலையில ஒரு வாட்டிதான். இப்ப யாராச்சும் உள்ள வந்தா, நானும் பின்னாலயே துணியோட போறேன், பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால போற தோழி மாதிரி."

மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரைக் குனிய வைக்க அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தேனோ அந்த ஆள் ஏசி அறையில் நாற்காலியில் இருந்தார். குனிந்து கிடந்தது இந்த அம்மா.

"கல்ல மாத்தச் சொல்லிருவோமா மேடம்?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். ஒரு ஆசிரியர் சொல்ல வேண்டியது அதுதான். மாற்றினால் அந்த அம்மாவுக்கு விடிவு. முதலாளியும் தப்பித்துவிடுவார். பின்னதற்கு என் மனம் ஒப்பவில்லை. "நீங்க இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் அவர் அறைக்குள் போனேன்.

"வாங்க மேடம். கெழக்கு வாசல் வச்சதுல இருந்து ஆர்டர் பரவால்ல" என்றார். எல்லாம் என் நேரம்.

"ரெண்டு விஷயம் சொல்ல வந்தேன் சார். வராண்டாவுக்கு இந்தக் கல் சரிவரலை. சொரசொரப்பான சாம்பல் நிற டைல் போட்டுருங்க."

"போட்ருவோம். ரெண்டாவது?"

"உங்க ரூம் கல்லை மாத்தக் கூடாது. ஆனா அதை வேலைக்கு இருக்கிறவங்க துடைக்கிறாங்க. கன்னி மூலையில கனத்தைப் போட்டுட்டு அடுத்தவங்க கையால துடைச்சா, வந்த ஆர்டர் அந்தக் கையோட போயிரும்."

அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "அப்ப யாரு தொடைக்கணும்?"

"இடத்துக்கு உரியவங்க."

"வீட்ல இருந்து சம்சாரத்த வரச் சொல்லட்டா?"

"சீட்டுல யார் உட்காருறாங்களோ அவங்க கையாலதான். காலையில, உட்காருறதுக்கு முன்னால."

"வெள்ளிக்கெழமை மட்டும் போதுமா?"

"தினமும்."

"கம்புல துணி கட்டித் தொடைக்கலாம்ல?"

"குனிஞ்சுதான் சார்."

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்தது. "சரி. சீசன் வருது. எதுக்கு வம்பு" என்றார்.

அந்த வாரமே, டைல் வேலையைப் பார்வையிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு காலையிலேயே போனேன். கிழக்கு வாசலிலிருந்து அவர் அறை வரை தடுப்பு முழுக்கக் கண்ணாடியாக வைத்தது நான்தான். வேலைக்கு வரும் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு பாதையில் நின்றுவிட்டிருந்தார்கள். உள்ளே முதலாளி வேட்டியை மடித்துக் கட்டி, ஈரத் துணியோடு மூலையிலிருந்து பின்வாக்கில் வந்துகொண்டிருந்தார்.

"என்னடி இது, மொதலாளி தரை தொடைக்காரு?"

"நேத்திக்கடனா இருக்கும். இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்துருப்பாக."

"ஆத்தா வேற எதையும் கேக்கலையாக்கும்."

"மூலையில விட்டுட்டாரு பாரு. சொல்லுவமா?"

"நீ போயிச் சொல்லேன், துணியக் கையில குடுத்துருவாக."

அவர் கடைசிக் கல்லைத் துடைத்து, ஒரு கையை முழங்காலிலும் மறு கையைக் கதவிலும் ஊன்றி எழுந்திருக்கும் வரை நான் அங்கேயே நின்றேன். இப்படிப்பட்ட நேரத்தில் மனசு வெறுமையாகிவிடும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருந்தது. சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். அப்பாவிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் துண்டை எடுத்துக்கொண்டு உதவிக்குக் கிளம்பிவிடுவார்.

பருவ முடிவில் ஒவ்வொரு மாணவரும் தங்கள் பங்கை விளக்க வேண்டும். விஸ்வநத்தத்துப் பெண் தரை வரைபடத்தை விரித்து, "வராண்டா, சாம்பல் டைல், காரணம் தூசி. முதலாளி அறை, கறுப்பு கிரானைட், தினமும் முதலாளியே துடைக்க வேண்டும், காரணம் வாஸ்து" என்று வாசித்தாள். அந்தச் சேதி கம்பெனிப் பெண்கள் வாய்வழியாக அவளுக்கும் எட்டியிருந்தது. மற்றவர்கள் போன பிறகு அவளை நிறுத்திக் கேட்டேன்.

"தினமும் அவரே துடைக்கணும்னு வாஸ்துல இருக்குன்னு நம்புறியா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் ஏன் அப்படி எழுதின?"

அவள் வரைபடத்தைச் சுருட்டி ரப்பர் மாட்டினாள். உடனே போய்விடவில்லை.

"எங்க அம்மா வேல பாக்குற கம்பெனியிலயும் ஆபீஸை இடிச்சுக் கட்டப்போறாகளாம். அந்த மொதலாளியும் வாஸ்து பாப்பாரு."

அவள் அம்மாவை அந்தக் கம்பெனியில் யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒரு வெள்ளைத் தாளை மேசையில் விரித்தேன்.

"வடக்கு எந்தப் பக்கம்னு போடு" என்றேன்.