திருப்பிச் சொன்ன குரல்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தமில்லை. ஆனால் எனக்குக் கற்பனை செய்யத் தெரியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பதினாறு வருடமாகத் தரப் பரிசோதகர் வேலை. இரும்பு வளையத்தில் முடி அளவு விரிசல் இருந்தாலும் எடுத்து ஓரம் கட்டிவிடுவேன். ‘பராசரன் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது’ என்று தொழிற்சாலையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

நடந்தது 2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. நான் சொல்லப்போகும் நேரங்கள் நிமிடம் பிசகாதவை. என் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. எழுதிவைத்த தாள் இருக்கிறது.

எனக்குப் பறவைப் பைத்தியம். ஒவ்வொரு ஜனவரியிலும் பழவேற்காடு பறவைகள் சரணாலயத்துக்குக் கணக்கெடுப்புக்குப் போவேன். திருவள்ளூரில் எங்களுடையது தலைமுறையாகப் பெருமாள் கைங்கர்யம் செய்யும் குடும்பம். “ஆத்துல பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ண ஆளைக் காணோம். கொக்குக்குத் தலை எண்ணப் புறப்பட்டாச்சு!” என்று என் மனைவி வைஜயந்தி வருடா வருடம் வாழ்த்தி அனுப்புவாள்.

கணக்கெடுப்பில் ஒரு குழுவுக்கு இரண்டு பேர். ஒருவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்து எண்ணுவார். மற்றவர் பின்னால் நின்று எழுதுவார். எண்ணுகிறவர் கண்ணை எடுக்கவே கூடாது. எடுத்தால் எந்தப் பறவையில் விட்டோம் என்பது போய்விடும். அதனால் எழுதுகிறவர் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் ‘பூநாரை நூத்தி இருபது’ என்றால் பின்னாலிருந்து ‘நூத்தி இருபது’ என்று வரும். குரல் வந்தால் ஆள் நிற்கிறார் என்று அர்த்தம். திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

அந்த வருடம் என்னோடு எழுத வந்தவன் அன்புராஜ். என் தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டுபவன், ஊத்துக்கோட்டைக்காரன், முப்பது வயது. ஏழு மாதக் குழந்தைக்கு அப்பா. பறவை பற்றி ஒன்றும் தெரியாது. “கோழி, காக்கா ரெண்டும்தான் சார் தெரியும். பரவால்லியா?” என்று கேட்டான். எழுதத் தெரிந்தால் போதும் என்று நான்தான் வற்புறுத்தி அழைத்துப்போனேன்.

காலை 4:20க்குப் புதுவாயல் கூட்டுரோட்டில் டீ குடித்தோம். குளிருக்குத் தொழிற்சாலையின் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு வந்திருந்தான். பறவை மிரளும் என்று கடிந்துகொண்டேன். வேறு சட்டை இல்லை என்றான். 5:50க்குப் படகுக்காரர் ரங்கசாமி எங்களை ஏரிக்கு நடுவே ஒரு சேற்றுத் திட்டில் இறக்கிவிட்டார். ஏரியிலேயே மீன் பிடித்து ஐம்பது வயதைத் தாண்டியவர்.

“ஒம்போதுக்கு வர்றேன் சாமி. இங்கியே நின்னுக்குங்க. வடக்கால மட்டும் போயிடாதீங்க. உளைச் சேறு. ஆள முழுங்கிடும்.”

அன்புராஜ் அப்போது சற்றுத் தள்ளிக் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் காதில் அது விழவில்லை. நான் தொலைநோக்கியின் முக்காலியைப் பொருத்துகிற மும்முரத்தில் இருந்தேன். அவனிடம் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

6:15க்கு ஆரம்பித்தோம். நல்ல பனி. எதிரே ஏரி முழுக்கப் பூநாரைகள். ஒரே இரைச்சல். கொஞ்சம் தள்ளிக் கூழைக்கடாக்கள். எங்களுக்குப் பின்னால் இருபதடியில் ஒரு ஜோடி ஆள்காட்டிக் குருவி. அன்புராஜ் காலை மாற்றி வைத்தால்கூடக் கத்தித் தீர்த்தன.

“பூநாரை நூத்தி இருபது.”

“நூத்தி இருபது சார்.”

“கூழைக்கடா முப்பத்தெட்டு.”

“முப்பத்தெட்டு சார்.”

பையன் தேறிவிட்டான் என்று சந்தோஷமாக இருந்தது. எழுதும் பலகையை ஒரு ஸ்டூல்மேல் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் நேரத்தையும் ஒழுங்காகப் போட்டான்.

6:52க்கு அவன் ஏதோ சொன்னான். பெரிய கூட்டம் ஒன்றின் பாதியில் இருந்தேன். கண்ணை எடுக்காமல் கையை மட்டும் தூக்கி ‘இரு’ என்று காட்டினேன். ஆள்காட்டிகள் கத்தின. அந்தக் கத்தல் மெல்ல வடக்கே நகர்ந்தது. தூரமாகிக்கொண்டே போனது.

ஆள்காட்டி சும்மா நகராது. ஆள் நடந்தால் அவன் தலைக்கு மேலே கத்திக்கொண்டே கூடப் பறக்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஏனென்றால்...

“பூநாரை இருநூத்திப் பத்து” என்றேன்.

“இருநூத்திப் பதினொண்ணு.”

குரல் வந்துவிட்டது.

“பத்துதான்ப்பா. சரியா எழுது.”

பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்டது. அடிக்கிறான், திருத்துகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

6:58. “செங்கால் நாரை பதினாலு.”

“பதினஞ்சு.”

7:06. “கூழைக்கடா அறுபது.”

“அறுபத்தொண்ணு.”

எனக்கு எரிச்சல் வந்தது. நான் எண்ணி முடித்ததை ஒருவன் திருத்துவதா? அதுவும் காக்கா, கோழி மட்டும் தெரிந்தவன்? “நான் சொல்றதை எழுதினாப் போறும்” என்று வெடுக்கென்று சொன்னேன்.

அதன் பிறகுதான் கவனித்தேன். ‘சார்’ இல்லை. 6:52க்குப் பிறகு ஒரு தடவைகூட ‘சார்’ வரவில்லை. கோபித்துக்கொண்டான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

குரலும் கிட்டே வந்திருந்தது. முன்பு நாலடி பின்னால் கேட்டது. இப்போது காதருகே. ஆனால் மூச்சு படவில்லை. சேற்றில் காலை மாற்றும் சத்தமும் இல்லை.

7:24.

வடக்கே பனிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி.

சக்கரவாகம்! இமயமலைக்கு அப்பாலிருந்து வருகிற ஆரஞ்சு நிற வாத்து. நம் ஏரியில் அதைப் பார்ப்பது அபூர்வம். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைக்காத பறவை. அலகு தெரியவில்லை, தலை தெரியவில்லை. உடம்பு மட்டும் சேற்றோடு சேற்றாக ஒட்டி உட்கார்ந்திருந்தது. பனி விலகட்டும் என்று தொலைநோக்கியை அதன்மேலேயே நிறுத்திவைத்தேன்.

“சக்கரவாகம். ஒண்ணு!” என்றேன்.

திருப்பிச் சொல்லவில்லை.

“எழுதுப்பா. சக்கரவாகம், ஒண்ணு.”

கொஞ்ச நேரம் கழித்து...

“அது இல்ல.”

அப்போதும் திரும்பவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தால் அல்ல. பறவை பறந்துவிடுமோ என்றுதான் திரும்பவில்லை. இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது.

7:35. புள்ளி அசைந்தது. ரசித்தேன்.

7:41. புள்ளி சிறிதாகியிருந்தது. படுத்துக்கொண்டது என்று நினைத்தேன்.

7:48. பனி விலகியது.

அது கையைத் தூக்கியது.

பறவைக்குக் கை கிடையாது.

அன்புராஜ்.

மார்பு வரை சேற்றில். வாய் திறந்து திறந்து மூடுகிறது. சத்தம் இல்லை. காற்று இங்கிருந்து அங்கே வீசுகிறது. நடுவில் ஆயிரக்கணக்கான பூநாரைகளின் இரைச்சல்.

அவன் அங்கே இருக்கிறான்.

அப்படியானால்...

காதருகே அதே குரல். நிதானமாக.

“ஆள். ஒண்ணு.”

பேனா கீறியது.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

ஸ்டூல் இருந்தது. பலகை இருந்தது. பேனா தாளின்மேல் உருண்டுகொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க நின்றது. சேற்றில் இரண்டு பேருடைய கால் தடங்கள்தான். ஒன்று என்னுடையது. மற்றது வடக்கே போய்க்கொண்டே இருந்தது. போன தடம் மட்டும். திரும்பிய தடம் இல்லை.

ஓடினேன். அவனுக்கு ஐம்பதடி இருக்கும்போது என் கால் முட்டி வரை இறங்கியது. இன்னொரு அடி வைத்தால் இடுப்பு வரை போயிருக்கும். பின்வாங்கினேன். மறுபடி முன்னே போனேன். மறுபடி இறங்கியது. ஃபோனில் ஆந்திர டவர். தெலுங்கில் ஒரு பெண் குரல், ரங்கசாமி எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. ஐந்து தடவை சொன்னது.

“சார்...” என்றான்.

“இதோ வந்துட்டேன்ப்பா” என்றேன். வரவில்லை. வர முடியவில்லை.

சட்டையைக் கழற்றி வீசினேன். எட்டவில்லை. முக்காலியை எடுத்து வந்து நீட்டினேன். எட்டவில்லை. சேறு அவன் தோளுக்கு வந்தது. அவன் மேலே ஆள்காட்டிகள் இரண்டும் வட்டமடித்துக் கத்திக்கொண்டே இருந்தன. ஐம்பது நிமிடமாக அவைதான் அவனுக்காகக் கத்தியிருக்கின்றன. நானும் கத்தினேன். அழுதேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

8:26க்கு ரங்கசாமி வந்தார். தவறிய அழைப்பு என்று வந்த செய்தியில் என் நம்பரைப் பார்த்ததுமே கிளம்பியிருக்கிறார். படகுப் பலகையைச் சேற்றில் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து நகர்ந்து போய், அவன் கக்கத்தில் கயிற்றைக் கட்டினார். சேறு அப்போது தாடையில் இருந்தது. இழுத்துப் போட்டபோது அவன் கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

“வடக்கால போவாதீங்கன்னு சொன்னேனே சாமி. இந்தத் திட்டாண்ட மீனுக்குக்கூட நாங்க எறங்க மாட்டோம். முன்ன ஒருதபா வந்தவங்களும் இங்கதான் எறக்கி உடச் சொன்னாங்க. அப்பவும் எழுத வந்தவருதான் போய்ட்டாரு.”

அன்புராஜ் பிழைத்தான். நுரையீரலில் சேற்றுத் தண்ணீர், இடது காலில் நரம்பு பிசகியிருந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. ஐந்தாம் நாள் பார்க்கப் போனேன். அவன் மனைவி ஸ்நேகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே விட மனமில்லை. அன்புராஜ்தான் வரச் சொன்னான். ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே பேசினான்.

“வயிறு கலக்குது, போய்ட்டு வர்றேன்னு சொன்னேன் சார். நீங்க கைய தூக்கினீங்க. சரின்னு நென்ச்சேன். வெட்டவெளியா கீது, உங்க டெலஸ்கோப்புல தெரிஞ்சிடுமோன்னு வெக்கப்பட்டுக்கினு தூரமா போனேன்.”

போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டான்.

“எவ்ளோ கத்தினேன் தெரியுமா? அந்தக் கொழாய என் மேலயே திருப்பி வெச்சிக்கினு பார்த்துக்கினே இருந்தீங்க. அரை மணி நேரம். நான் முழுகறத.”

“அன்பு, எனக்குத் தெரியலைப்பா. பின்னாலேர்ந்து குரல் வந்துண்டே இருந்தது. நீதான்னு...”

“அந்த ஆளு யாரு சார்?”

“எந்த ஆளு?”

“உங்க பின்னாடி நின்னுக்கினு எழுதினாரே. ஒல்லியா, ஒசரமா. எழுதறாரு, கைய நீட்டி என்னைக் காமிக்கிறாரு. திரும்ப எழுதறாரு, திரும்பக் காமிக்கிறாரு. நீங்க திரும்பவே இல்ல.”

அடுத்த மாதம் அவன் வேலையை விட்டுவிட்டான். ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. நான் வேண்டுமென்றே பார்த்துக்கொண்டிருந்ததாக அவன் இன்றும் நம்புகிறான். இல்லையென்று நிரூபிக்க என்னிடம் ஒரு குரல்தான் இருக்கிறது. அதை என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை.

தாளை வீட்டில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். 6:52 வரை அன்புராஜின் உருண்டைக் கையெழுத்து. அதற்குக் கீழே வேறு எழுத்து. இடது பக்கம் சாய்ந்தது. நான் சொன்ன எண் ஒவ்வொன்றையும் எழுதி, அடித்து, பக்கத்தில் ஒன்று கூட்டியிருந்தது. ‘சக்கரவாகம் 1’ என்பதை இரண்டு முறை அடித்திருந்தது. அதன் கீழே 7:35, 7:41 என்று நேரங்கள் மட்டும். கடைசி வரி: 7:48. ஆள் 1.

ஒவ்வொரு தடவையும் கூடுதலாக வந்த அந்த ஒன்று யார் என்று அப்போதுதான் புரிந்தது. எத்தனை தடவை சொன்னது! கண்ணில் மண்ணைத் தூவ முடியாதவன் நான். கேட்கவில்லையே.

கணக்கெடுப்பை நடத்தும் காயத்ரிக்கு ஃபோன் செய்து, ரங்கசாமி சொன்ன அந்தப் பழைய விபத்தின் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். 2016ஆம் வருடத்தாம். எண்ணிக்கொண்டிருந்தவர், தனக்குப் பின்னால் கடைசிவரை குரல் வந்துகொண்டே இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். யாரும் நம்பவில்லை. தாளைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள்.

மேல் பாதி நல்ல குண்டு எழுத்து. அது இறந்துபோனவருடையது. கீழ்ப் பாதி இடது பக்கம் சாய்ந்த எழுத்து. அடித்து அடித்து ஒன்று கூட்டிய எண்கள். கடைசி வரி, ஆள் 1.

அப்படியானால் எனக்குப் பின்னால் நின்று எழுதியது இறந்துபோன அவர் இல்லை; அவருக்கும் முன்னால் ஒருவர் அங்கே நின்றிருக்கிறார்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே காயத்ரியிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது.

“சார், அந்தத் திட்டோட பழைய தாள் எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தேன். இன்னும் ரெண்டு வருஷத்துலயும் பாதிக்கு மேல இதே எழுத்து. கடைசி வரியும் இதேதான். ஆனா அந்த ரெண்டு வருஷமும் நம்ம ஆளுங்க எல்லாரும் பத்திரமாத் திரும்பி வந்துட்டாங்களே சார்... அப்ப அந்த ‘ஆள் 1’ யாரு?”