விரல் பத்திரம்

எங்கள் ஃபாரோ தீவுகளில் முதல் டிவிஷன் கால்பந்து என்றதும் பெரிய பெரிய ஆட்டக்காரர்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊர் டீமின் கோல்கீப்பர் தச்சர், கேப்டன் கணக்கு வாத்தியார். தடுப்பாட்டக்காரன் ட்ரோண்ட் என்னோடு மீன் ஆலையில் முள் எடுப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மைதானத்து ஓரத்தில் காப்பி விற்பேன். அவனைத் திட்டுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

அவன் ஓடுவதை ஓட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை. கடற்காற்று பலமாக அடித்தால் பெனால்ட்டிக்கு வைத்த பந்து நிற்காமல் உருண்டுவிடும். அதனால் ஒருவன் குப்புறப் படுத்து விரலால் பந்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவன் உதைப்பான். எங்கள் ஊரில் பிடிப்பவன் ட்ரோண்ட், உதைப்பவன் அவன் தம்பி ரோயி. ஓடிவரும் முன் ரோயி, “அண்ணே, விரல் பத்திரம்” என்பான். கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கும் ட்ரோண்ட் அதைக் கேட்ட பிறகுதான் மூன்று எண்ணி விரலை எடுப்பான். ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

அந்தப் பிப்ரவரியில் ரோயி மீன்பிடிக் கப்பலில் கிளம்பினான்.

“நான் வர்றதுக்குள்ள டீமைக் கீழ இறக்கிடாதண்ணே.”

“நீ இல்லாம நாங்க நிம்மதியா ஜெயிப்போம், போடா.”

கப்பல் புயலில் மூழ்கியது. ரோயியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அதனாலேயே ட்ரோண்ட் பாதி நம்பினான், பாதி நம்பவில்லை. டீம் முதல் டிவிஷனில் இருக்கும்வரை தம்பி திரும்பிவர ஓர் இடம் இருக்கிறது என்று அவனாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். உடை மாற்றும் அறையில் ரோயியின் கொக்கியில் யாரையும் சட்டை மாட்ட விடவில்லை.

மார்ச்சில் சீசன் தொடங்கியது. வரிசையாகத் தோற்றோம். ட்ரோண்ட் மட்டும் பேய் பிடித்தவன்போல் ஓடினான். “இந்த ஓட்டத்தைப் பத்து வருஷம் முன்னாடி ஓடியிருந்தா கப்பே வாங்கியிருக்கலாமேடா” என்று நான்தான் கத்தினேன். அவன் சிரிக்கவில்லை. நானும் பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

அக்டோபரில் கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்தில். ஜெயித்தால் முதல் டிவிஷனில் தங்கலாம், இல்லையென்றால் கீழே இரண்டாம் டிவிஷனுக்கு. என் காப்பிக் கோப்பைகளையெல்லாம் காற்று கடலுக்குள் கொண்டுபோனது. ஆளுக்கொரு கோல் என்றிருந்தபோது, முடியும் தறுவாயில் எங்களுக்குப் பெனால்ட்டி கிடைத்தது. அந்த வருஷத்திலேயே அதுதான் முதல் பெனால்ட்டி.

உதைக்க வந்தவன் ஹோக்னி. கோடையில்தான் தலைநகரத்திலிருந்து எங்களிடம் வந்தவன். யாரும் சொல்லாமலே ட்ரோண்ட் போய்க் குப்புறப் படுத்தான். விரலைப் பந்தின்மேல் வைத்தான். கண்ணை மூடினான். நடுவர் விசில் ஊதினார். ஹோக்னி பின்னால் போனான், ஓடிவந்தான். விரல் அப்படியே இருந்தது. “எடுடா” என்று கேப்டன் கத்தியது காற்றில் போயிற்று.

விரலும் பந்தும் சேர்ந்து உதைபட்டன. பந்து கம்பத்துக்கு வெளியே போனது. ஆட்டம் அப்படியே முடிந்தது.

யாரும் அவனைத் திட்டவில்லை, கிட்டேயும் போகவில்லை. நான் துணியில் ஐஸ் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். விரல் ஒடிந்து தொங்கியது. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“ஏன்டா, விசில் கேக்கலையா உனக்கு?”

“கேட்டுச்சுக்கா.”

“அவன் ஓடிவந்த சத்தம்?”

“அதுவும் கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன்டா எடுக்கல?”

அவன் காலியான பெனால்ட்டிப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரோயி இன்னும் சொல்லலையேக்கா” என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. பிப்ரவரியிலிருந்து அழாதவன் அந்தப் புல்தரையில் உட்கார்ந்து அழுதான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.